சட்டையில் எரிந்த ஒட்டுத்துணி

புருல் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஆட்டுக்குடல் கழுவிக்கொண்டிருந்தபோது. என் மாமனார் இறந்து வருஷம் திரும்பிய விருந்து அன்று. வாய்க்கால் ஓரமாக ஏழெட்டுப் பெண்கள் குந்தியிருந்தோம். மலைப்பனி கரைந்து வருகிற தண்ணீர்; விரல் இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாது. மேல்தெருவிலிருந்து ஒருத்தி வந்து, "குல்சூனுக்கு அஞ்சாவதும் பொண்ணாம்" என்றாள். குல்சூன் என் சித்தி மகள். யாரும் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பேரு வச்சாச்சா?"

"வச்சாச்சு. புருல்."

எல்லோரும் சிரித்தோம். எங்கள் மொழியில் புருல் என்றால் திரும்பு. பெண் போதும், அடுத்தது ஆணாகத் திரும்பட்டும் என்று வைக்கிற பெயர். "பாவம்டி, வந்ததும் வராததுமா அந்தப் பக்கம் போன்னு சொல்லிட்டாங்க" என்றாள் ஒருத்தி. மறுவருஷமே குல்சூனுக்கு ஆண் பிறந்தது. அந்தப் பெயர்சூட்டு விருந்தில் குல்சூனின் புருஷன் குடித்துவிட்டு, தவழ்ந்துகொண்டிருந்த புருலைக் காட்டி, "இவ வந்த வேலை முடிஞ்சுது" என்று சொன்னான். அதற்கும் சிரித்தார்கள்.

அவள் வளர்ந்தது பற்றிச் சொல்ல அதிகமில்லை. அக்காமார் போட்டுத் தேய்த்த செருப்பைப் போட்டாள், தம்பி தின்று வைத்த மிச்சத்தைத் தின்றாள். முகம் அகலம், பேச்சு குறைவு, வேலைக்கு அஞ்சமாட்டாள். எங்கள் ஊரான சாரி-கென்னில் ஈயச் சுரங்கம் மூடிப் பாதி ஊர் ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போன சமயத்தில் அவளை ஜபாருக்குக் கட்டிவைத்தார்கள். ஜபார் என் கணவரின் சித்தப்பா மகன் வழிப் பையன். ஆக எனக்கு இரண்டு பக்கமும் உறவு. இரண்டு பக்கத்துப் பேச்சும் என் காதுக்கு வரும்.

ஜபாரின் அம்மா பாத்மா. அவளுக்கு இரண்டு மகன்கள், மூத்தவன் ஜபார், இளையவன் எசென். மருமகள் வந்த முதல் நாள் தன் கையால் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிவிட்டு, "இந்தத் துணி பழசாகறதுக்குள்ள என் மடியில பேரன் இருக்கணும்" என்றாள் பாத்மா. துணி பழசானது. ஒன்றும் நடக்கவில்லை. புருல் ஊற்றில் குளித்தாள், புண்ணியவான் சமாதிக்குப் போய் மரத்தில் துணி முடிந்தாள், தலைநகரம் போய் டாக்டரிடம் காட்டினாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை, புருஷனைக் கூட்டிவா என்றார் டாக்டர். ஜபார் போகவில்லை. குதிரைக்கு லாடம் அடிக்கணும் என்றான். வருஷக்கணக்காக அந்தக் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டே இருந்தான்.

இளைய மருமகள் அனிப்பா வந்தாள். வந்த வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பையன்கள். பாத்மா வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் காதில் விழும்படி சொல்வாள்: "கன்னு போடாத மாட்டைச் சந்தையில வித்துட்டு வேற வாங்கலாம். மருமகளை எந்தச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறது?"

புருல் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருப்பாள். பிசைவது நிற்காது.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரக் கூட்டம் வந்து, சுரங்கத்தின் பழைய பரிசோதனைக் கட்டடத்தைச் சுத்தம் செய்து நிலையம் திறந்தது. ஊருக்கு மேலே சுரங்கத்தின் கழிவுக்குளம் கிடக்கிறதே, அந்தச் சேறுதான் அவர்களுக்கு வேண்டியது. அந்த விஷச்சேற்றிலும் செத்துப்போகாமல் குடித்தனம் நடத்துகிற பாக்டீரியா இருக்கிறதாம். அதைப் பிடித்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, காட்மியம் என்கிற உலோக உப்பும் கந்தகம் கலந்த தீனியும் போடுவார்கள். அது தின்று, தன் உடம்புக்குள்ளேயே துகள் துகளாகச் செய்து வெளியே தள்ளும். பூதக்கண்ணாடிக்கும் தெரியாத துகள். நானோத்துகள் என்று பெயர். பார்த்தால் மோர்த்தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஊதா விளக்கு ஒன்று வைத்திருந்தார்கள், அதைப் பிடித்தால் குடுவை முழுக்கப் பச்சையாக எரியும். இன்னும் வளரவிட்டால் மஞ்சள், இன்னும் விட்டால் தணல் நிறம். உடம்பில் புற்றுக்கட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க, புதுவிதமான விளக்குகள் செய்ய, இதற்கெல்லாம் ஆகும் என்றார்கள். எங்கள் பெண்கள் அதைப் புளிப்பு என்று சொன்னார்கள். குதிரைப்பாலைப் புளிக்கவைக்கிற உறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், இது நாறுகிறது, அவ்வளவுதான்.

நாற்றம் உண்மைதான். அழுகிய முட்டை நாற்றம். அங்கே குடுவை கழுவ ஆள் கேட்டபோது ஒருத்தியும் போகவில்லை. புருல் போனாள். பாத்மா தடுக்கவில்லை, மாதாமாதம் சம்பளம் வருகிறதே. ஆனால் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தனிப் படுக்கை என்று வைத்துவிட்டாள். தெருப் பிள்ளைகள் "முட்டை வருது, முட்டை வருது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின.

வேலை என்னவென்றால், குடுவையில் அடியில் தங்கிய பசையைச் சுரண்டி எடுத்துச் சின்னக் குழாய்களில் போட்டு, சுற்றும் இயந்திரத்தில் வைத்து எடுப்பது. பிறகு குடுவைகளை அமிலத் தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவுவது. ரப்பர் கையுறை கொடுத்தார்கள். அமிலத் தொட்டிக்குப் போட்டுக்கொள்வாள். பசை எடுக்கும்போது போட்டால் குழாய் மூடி வழுக்கும், கழற்றி வைத்துவிடுவாள். கையைத் தலைத்துணியின் முனையில் துடைத்துக்கொள்வாள். நிலையத்துத் தலைவர் துரார் என்பவர் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் நடந்தால் சரி.

ஒருநாள் தலைநகரத்திலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். துரார் அறையை இருட்டாக்கிக் குடுவைகளைக் காட்டினார். கடைசியில் புருலைக் கூப்பிட்டார். "இங்க வாங்க, கையை நீட்டுங்க." விளக்கைப் பிடித்ததும் நக இடுக்கெல்லாம், ரேகையெல்லாம் தணலாக எரிந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நிலையத்து நடையில் மாட்டிவைத்தார்கள். முகம் கிடையாது, கை மட்டும். அன்றிலிருந்து யார் வந்தாலும் அது ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. புருலுக்குச் சந்தோஷம்தான். "எல்லாரும் கைதட்டினாங்க பெரியம்மா" என்று என்னிடம் வந்து சொன்னாள். அவளுக்காக அதற்கு முன் யாரும் கைதட்டியது இல்லை.

அனிப்பா நாலாவது முறை கர்ப்பமானாள். எங்களில் பிள்ளை இல்லாதவளுக்கு உறவில் ஒருத்தி தன் பிள்ளையைக் கொடுப்பது உண்டு. கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், பெற்றவள் பிறகு அதைத் தன் பிள்ளை என்று வாய்திறந்து சொல்லக்கூடாது. அனிப்பா எங்கள் முன்னால் ரொட்டியைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

"எனக்கு மூணு போதும்க்கா. இது உனக்கு. ஆணானாலும் பொண்ணானாலும் உனக்கு."

புருல் அந்த ரொட்டியைப் பிட்டு ஒரு துண்டு தின்றாள். அழவில்லை. அன்று சாயங்காலமே தொட்டிலுக்குப் பலகை பார்க்கத் தச்சன் வீட்டுக்குப் போனாள்.

பிறந்தது பெண். மூன்று பையன்களுக்குப் பிறகு ஒரு பெண். கறுகறுவென்று முடி, உதட்டோரம் சின்னதாக ஒரு குழி. அக்மோர் என்று பெயர் வைத்தார்கள். அனிப்பா குழந்தையைக் கீழே வைக்கவே இல்லை. நாங்கள் போனபோது, "இன்னும் பால் குடி மறக்கலை, இப்பவே குடுக்க முடியுமா?" என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

பாத்மாவுக்கு வேறு கவலை. "அந்தக் கையில எம் பேத்தியைக் குடுக்கறதா? அது ராவானா கங்கு மாதிரி எரியுதாம்."

"ராவுல எரியாது அத்தை. அந்த விளக்கைப் பிடிச்சாத்தான்" என்றாள் புருல்.

"விளக்கு பிடிச்சா எரியறது, பிடிக்காதப்ப எங்க போகுது? அங்கதானே இருக்கு?"

புருல் கையைத் திருப்பிப் பார்த்தாள். பாத்மாவே முடிவு சொன்னாள். "உங்க தலைவர் என் வீட்டுக்கு வரட்டும். என் உப்பைத் தின்னுட்டு, இதனால ஒண்ணும் ஆகாதுன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும். அப்ப தர்றேன். நாப்பது கழிக்கிற அன்னிக்கே தர்றேன்."

நாற்பது கழிப்பது என்றால் பிறந்த நாற்பதாம் நாள் குழந்தைக்கு நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றி, நாற்பது வீட்டுத் துணியில் தைத்த சட்டையைப் போடுவது. கடைத்துணி ஆகாது. ஒருவர் உடம்பில் கிடந்து, வேர்வை குடித்து, வெளுத்து வெளுத்து மெலிந்த துணியாக இருக்கவேண்டும். அந்த உடம்பின் ஆயுசு குழந்தைக்கு வரும். பாத்மா தானே வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினாள். என் வீட்டில் என் கணவரின் பழைய சட்டைக்கை கொடுத்தேன். நிறையப் பிள்ளை பெற்றவர்கள், நீண்ட ஆயுசுக்காரர்கள் எல்லோரிடமும் வாங்கினாள். தன் வீட்டிலேயே இருந்த புருலிடம் மட்டும் கேட்கவில்லை. "மடி நிறையாதவ துணி எதுக்கு?" என்றாள்.

சட்டையைத் தைத்தவள் அனிப்பா. பாத்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் புருலிடம் வந்தாள். அப்போது பக்கத்தில் நெய் உருக்கிக்கொண்டிருந்தவள் நான்தான்.

"அக்கா, உன்னோடது ஒரு துண்டு குடு. நாளைக்கு நீதானே அம்மா. உன் துணி இல்லாத சட்டையைப் போட்டா புள்ளைக்கு உன் வாசனை எப்படித் தெரியும்?"

"அத்தை வேண்டாம்னாங்களே."

"அவங்க எண்ணிப் பார்க்கவா போறாங்க? கழுத்துக்குக் கீழ வச்சுத் தச்சுடறேன். மொகத்துகிட்ட இருக்கட்டும்."

மனசாரத்தான் கேட்டாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

புருல் பெட்டியைத் திறந்தாள். பூப்போட்ட புதுத்துணி ஒன்று, கட்டாமல் மடித்தபடி இருந்தது. அதை ஒதுக்கினாள். புதுசு ஆகாதே. கல்யாணத்தில் பாத்மா கட்டிய வெள்ளைத்துணியை எடுத்தாள். அதைத்தான் இத்தனை வருஷமும் கட்டினாள். நிலையத்துக்கும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள். அவள் உடம்போடு கிடந்த துணி என்றால் அது ஒன்றுதான். முனையைக் கிழித்து, சாம்பலும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, அலசி, மறுபடி கொதிக்கவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. நிலையத்தில் விளக்கு இருந்தது, ஒருதரம் பிடித்துப் பார்த்திருக்கலாம். வெள்ளையாக இருக்கிற துணியை எதற்குப் பார்ப்பது?

நாற்பது கழிக்கிற விருந்தன்று துரார் வந்தார். நல்ல கோட்டு, பளபளக்கிற காலணி. புருல் முந்தினநாள் அவரிடம் போய், "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஐயா" என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். பாத்மா அவரை மேலிடத்தில் உட்காரவைத்து ஆட்டுத்தலையை அவர் முன் வைத்தாள். அவர் முறைப்படி காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார், கண்ணை எசெனுக்குக் கொடுத்தார். நிறையக் குடித்தார். பிறகு பாத்மா கேட்டாள்.

"ஐயா, எம் மருமக கை இருக்கே. அதனால புள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

"அம்மா, நீங்க கவலையே படாதீங்க. சோப்பு போட்டா எல்லாம் போயிடும். நானே தினம் அங்கதான் சாப்பிடறேன். என்னைப் பாருங்க, எப்படி இருக்கேன்?"

"எரும மாதிரி இருக்கீங்க" என்றார் ஒரு கிழவர். வீடே சிரித்தது, துராரும் சிரித்தார். பாத்மா முகம் இளகியது. "சரி. கறி சாப்பிட்டதும் புள்ளையை மடியில வச்சுடறேன்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

புருல் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதோடு விட்டிருந்தால் நடந்திருக்கும். எசெனுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன். ஊரே பேசுது, நாங்க பார்த்ததில்லை."

துரார் கோட்டுப் பையிலிருந்து சின்ன விளக்கை எடுத்தார். அதைக் கையோடுதான் கொண்டுவந்திருக்கிறார். ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். விளக்கு எரிந்ததும் ஆண்களின் சட்டைக்காலர் எல்லாம் நீலமாகத் தெரிந்தது. அது சோப்புத்தூளின் வேலை என்றார். பல்லைக் காட்டச் சொன்னார், பல்லும் தெரிந்தது. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக் கூச்சல் போட்டன. பிறகு, "எங்க நிலையத்து மாணிக்கம் எங்க?" என்றார். புருல் வந்து கையை நீட்டினாள். பழகியபடி நீட்டினாள். நகமெல்லாம் தணல்.

"கல்யாணத்துக்கு மின்சாரமே வேண்டாம், இவளைப் பந்தல்ல நிறுத்தினா போதும்" என்றார் அதே கிழவர்.

"மாப்பிள்ளை ஜபாரு, ராத்திரி படிக்கறதுக்கும் ஆகும்டா!"

சிரிப்பு. துரார் விளக்கை அப்படியே சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். அனிப்பா மடியில் குழந்தை. புதுச்சட்டை போட்டிருந்தது. ஒட்டுத்துணிகளில் சில நீலம், சில மங்கல். கழுத்துக்குக் கீழே ஒன்று மட்டும் தணலாக எரிந்தது. குழந்தை அந்த இடத்தைத்தான் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. உதடும் மோவாயும், வழிந்த எச்சிலும் எரிந்தன.

சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கம்பளியை எடுங்க" என்றாள் பாத்மா. உடனே, "வேண்டாம். ஐயா, அப்படியே பிடிங்க" என்றாள். கிட்டே போய்ச் சட்டையை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு துணியையும் தொட்டு, யார் வீட்டுது என்று வாய்க்குள் சொன்னாள். அந்தத் துண்டில் விரல் நின்றது. "இது நான் வாங்கினது இல்ல. அனிப்பா, நீதானே தச்சே?"

அனிப்பா குழந்தையைப் பார்த்தாள். அதன் வாய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தை அந்த வெளிச்சத்தில் நான் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது அத்தை. தச்சு முடிச்சுப் பெட்டி மேல வச்சிருந்தேன். அக்கா அந்தப் பக்கம் வந்துட்டுப் போனா."

"அனிப்பா, நீதானேடி வந்து கேட்டே..." என்றாள் புருல்.

"நான் எதுக்குக் கேக்கறேன்? மூணு பெத்தவ நான், எனக்கு முறை தெரியாதா? மலடி துணியை எம் புள்ள மேல நானே வச்சுத் தைப்பேனா?"

எம் புள்ள என்றாள். ரொட்டியைப் பிடித்துச் சத்தியம் செய்த பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறந்து, "கேட்டது நிஜம், நான் அங்கதான் இருந்தேன்" என்றேன். "நீங்க சும்மா இருங்கக்கா, அவ உங்க சித்தி வீட்டு ரத்தம்" என்றாள் பாத்மா. அத்தோடு என் பேச்சு முடிந்தது.

பாத்மா துரார் பக்கம் திரும்பினாள். "ஐயா, இது விஷமா?"

துரார் விளக்கை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "கையில படறது வேற அம்மா. வாய்க்குள்ள போறது வேற. நிலையத்துத் துணி வெளிய போகக்கூடாதுன்னு சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கோம். இது இவங்க தப்பு."

"சோப்பு போட்டா போயிடும்னீங்களே" என்றாள் புருல்.

"போகலையே" என்றார் அவர்.

சட்டையைக் கிழித்தெடுத்து அடுப்பில் போட்டார்கள். குழந்தை குளிரில் கத்தியது. வாயைப் பாலால் கழுவினார்கள். புருல் ஒரு கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. பாத்மா கறிக்கரண்டியால் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். ஜபார் தட்டைப் பார்த்துக்கொண்டு எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் தங்கள் பங்குக் கறியைப் பையில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

வாசலில் செருப்புத் தேடுகிற கும்பலுக்கு நடுவே பாத்மா கத்தினாள். "அந்தக் கை எரியாம இருக்கற அன்னிக்கு வா. வந்து காட்டு. புள்ளையத் தூக்கி உன் மடியில போடறேன். எல்லாரும் சாட்சி!"

ஆத்திரத்தில் சொன்ன பேச்சு. கேட்டவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது, புருல் ஒருத்தியைத் தவிர.

குழந்தையை ஜில்லா ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். "இப்ப இல்ல, அப்புறம் வரும்" என்றாள் பாத்மா. துரார் புருலை வேலையிலிருந்து நிறுத்தினார். விதியை மீறினாள் என்று எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். நடையில் மாட்டிய படத்தை மட்டும் கழற்றவில்லை.

கடைசி நாள், மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது, புருல் குடுவை கழுவுகிற அமிலத் தொட்டிக்குப் போனாள். ஒட்டிப்பிடித்த பசை எதிலும் போகாவிட்டால் அதில் போகும். குடுவையை ஊறப்போட்டு எடுத்தால் விளக்குப் பிடித்தாலும் எரியாது. தினம் அவள் செய்கிற வேலை. கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு கையையும் மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். குடுவைக்கு எவ்வளவு நேரம் வைப்பாளோ அவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். கத்தவில்லையாம். கத்தினால் யாராவது வந்து எடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

சாப்பிட்டு வந்தவர்கள் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். "ஏன்டி பாவி இப்படிப் பண்ணே?" என்றேன்.

"போயிடுச்சு பெரியம்மா" என்றாள். கட்டுப்போட்ட கைகளைத் தூக்கிக் காட்டினாள். "சுத்தமாப் போயிடுச்சு."

துரார் ஒருதரம் எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா நகம் வளர்ந்து தானா போயிருக்குமே" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப்பழம் வைத்துவிட்டுப் போனார். அதை உரிக்க அவளுக்குக் கை இல்லை. நான்தான் உரித்து ஊட்டினேன்.

கட்டு அவிழ்த்ததும் வீட்டுக்கு வந்தாள். வழியில் சந்தையில் நிறுத்தி, நோட்டு கள்ளநோட்டா என்று பார்க்கிற ஊதா விளக்கு ஒன்றைக் கடைக்காரனிடம் இரவல் வாங்கினாள். நான் கூடவே இருந்தேன். விரல்கள் மடங்கி ஒட்டியிருந்தன, தோல் உரித்த கோழி மாதிரிச் சிவப்பு, சில இடத்தில் நகமே இல்லை. விளக்கை அவளால் பிடிக்க முடியவில்லை. என்னைப் பிடிக்கச் சொன்னாள்.

பாத்மா கதவைத் திறந்தாள். ஜபார் முற்றத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குதிரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அத்தை, பாருங்க" என்றாள் புருல். இருண்ட நடையில் நின்று கைகளை நீட்டினாள். நான் விளக்கைப் பிடித்தேன். ஒன்றும் எரியவில்லை. முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கறுத்த கட்டைகள் மாதிரித்தான் தெரிந்தது.

பாத்மா நிதானமாகப் பார்த்தாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

"எரியல. வாஸ்தவம்தான்" என்றாள்.

"புள்ளையைக் குடுங்க அத்தை."

"எதுல வாங்குவே?" என்றாள் பாத்மா. "அதைச் சொல்லு. இந்த ரெண்டு கையில ஒரு கரண்டி நிக்குமா? புள்ள நிக்குமா? கீழ போட்டுக் கொன்னுட்டா யார் பதில் சொல்றது? பார்த்தாலே வலிப்பு வந்துடும் புள்ளைக்கு."

"நீங்க சொன்னீங்களே. எல்லாரும் சாட்சின்னு சொன்னீங்களே."

"எரியாத கையோட வான்னேன். கையே இல்லாம வான்னா சொன்னேன்?"

உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. புருல் அந்தப் பக்கம் கழுத்தை நீட்டினாள். உள்ளேயிருந்து அனிப்பாவின் குரல் வந்தது, கோபமில்லாத குரல்:

"அத்தை, கதவைச் சாத்துங்க. காத்து அடிக்குது."

பாத்மா சாத்தினாள். புருல் முற்றத்தில் இறங்கினாள். தச்சனிடம் சொல்லிவைத்த தொட்டில் முற்றத்து மூலையில் கிடந்தது. அனிப்பாவின் பையன்கள் அதில் நாய்க்குட்டியைப் படுக்கவைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோடையிலேயே ஜபார் அவளை விலக்கினான். மாடு கறக்க முடியாதவள், மாவு பிசைய முடியாதவள் என்று காரணம் சொன்னான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இளம்பெண் ஒருத்தியைக் கட்டினான். அவளுக்கும் இதுவரை பிள்ளை இல்லை. பாத்மா வாசலில் உட்கார்ந்து சந்தைக்கு ஓட்டுகிற மாட்டைப் பற்றி இப்போது அவள் காதுபடச் சொல்கிறாள்.

அக்மோர் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு ஜலதோஷம் கூட அவளுக்கு லேசில் வருவதில்லை. துராருக்கு வெளிநாட்டிலிருந்து பரிசு வந்தது. நிலையத்தில் இப்போது வேறொருத்தி குடுவை கழுவுகிறாள்.

புருலை அவள் தம்பி ஒரு குளிர்காலம் வைத்திருந்தான். தம்பி மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. புருல் இப்போது தோக்மோக் நகரத்துப் பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து காசு வாங்குகிறாள். சில்லறையை அவளால் எடுக்க முடியாது என்பதால் தகரடப்பாவில் போடச் சொல்கிறாள். பின்னால் துடைப்பம் வைக்கிற அறையில் தூங்குகிறாள்.